தலக்காட்டு மணலில் ஒரு பழைய ஜிப்சி

1

மைசூர் பன்னிமண்டபத்தில் ஒரு பட்டறை. அதன் வாசலில் ஒரு பெண் தான் பற்றவைத்த இரும்புத் தகட்டைத் தானே அறுத்துக்கொண்டிருந்தாள், அதுவும் சிரித்தபடி. ஏன் என்று கேட்காமல் வந்துவிட்டேன். கேட்டிருந்தால் இதை எழுதும் வேலை மிச்சம்.

முதல் தொடக்கம்: 'பாலைவனம் அவளை அழைத்த...'

அடித்துவிட்டேன். பாலைவனம் யாரையும் அழைக்காது. ராஜஸ்தான் கார்ப் பந்தயத்துக்கு ஒரு விண்ணப்பத் தாள் வந்தது, அவ்வளவுதான்.

2

அவள் பெயர் பூவாத்தாள் என்று வைத்துக்கொள்வோம். ஹனூர்ப் பக்கத்துக்காரி, அந்தப் பட்டறையில் வெல்டர். கணவன் நஞ்சுண்டசாமி கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்கு ஜீப் ஓட்டுகிறவன். வருடம் 1996. பந்தய வண்டியில் ஒருவர் ஓட்ட வேண்டும், ஒருவர் வழி சொல்ல வேண்டும். வழி சொல்லும் இருக்கை தன்னுடையது என்று பூவாத்தாள் முடிவுகட்டியிருந்தாள்.

பழைய வண்டி ஏலத்தில் நஞ்சுண்டசாமி பளபளக்கும் டீசல் ஜீப்பையே சுற்றிவந்தான். அவள் ஓர் அழுக்கு ஜிப்சி வண்டிக்கு அடியில் படுத்துச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, அது பவுடர் பூசுன துரு. இதத் தட்டிப் பாருங்க, கிண்ணுங்குது."

(இங்கே ஜிப்சியை வாங்கி எஞ்சின் பிரித்த கதை ஒரு பக்கம் இருந்தது. எடுத்துவிட்டேன். பிஸ்டன் வளையம் மாற்றியதைப் படித்து யாரும் அழுததில்லை.)

3

இருவருக்கும் தெரிந்த கெட்ட பாதை மலைப்பாதை ஒன்றுதான். அங்கே கல் அடிக்கும். அதனால் வண்டிக்கு அடியில் கனத்த தகடு, முன்னால் இரும்புக் குழாய், பக்கத்துக்கு ஒரு பட்டை. கனம் என்றால் பலம் என்பது சுமை தூக்கிப் பிழைத்தவர்களின் நினைப்பு. எனக்கும் அதே நினைப்புதான். இந்தக் கதையின் முதல் பிரதி நாற்பது பக்கம்.

தலக்காட்டு ஆற்று மணலில் ஓட்டிப் பார்த்தார்கள்; ஓட்டியது நஞ்சுண்டசாமி, பக்கத்தில் பூவாத்தாள். முப்பது அடியில் அச்சுவரை புதைந்தது.

"என்ன புள்ள, ஜிப்சி கேட்டா பீரோ பண்ணி வெச்சிருக்கற?"

"இன்னொரு தகடு, இன்னொரு தகடுன்னது ஆருங்க?"

பட்டறை வாசலில் நான் பார்த்தபோது அந்தத் தகடுகளைத்தான் அவள் அறுத்துக்கொண்டிருந்தாள். பின்சீட்டைக் கழற்றினார்கள். அகல டயர் மாட்டி, காற்றைப் பாதியாக இறக்கினார்கள். மறுபடி மணல். இம்முறை நூறு அடி போய்ப் புதைந்தது.

4

"இன்னுங் கொறைக்கோணும்," என்றான் நஞ்சுண்டசாமி. "வழி சொல்றதுக்கு நம்ம பட்டறைப் பெயிண்டர் உமேஷைக் கூட்டிக்கிட்டா? ஆளு நெத்திலி."

[அவள் கண் கலங்கிய... இல்லை. வெல்டிங் பொறிக்கே கலங்காத கண்.]

"நான் அம்பத்தி நாலு கிலோ. நீங்க எம்பத்தெட்டு. கொறைக்கோணும்னா நீங்க எறங்குங்க."

அவன் சிரித்துக்கொண்டு இறங்கினான். பட்டறையில் வண்டி நகர்த்திப் பழகியவள், இரண்டாம் கியரில் போட்டு வண்டியை விட்டாள். மேடு வந்தது, கால் எடுக்கவில்லை. பள்ளம் வந்தது, பிரேக் மிதிக்கவில்லை. மலையில் ஓட்டிப் பழகியிருந்தால் மிதித்திருப்பாள்; மணலில் மிதித்தால் புதையும். நஞ்சுண்டசாமி புதைந்ததே அந்தக் காலால்தான். தண்ணீர்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"ஒத்த ஆளுன்னா ஓடத்தான் செய்யும்," என்று இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தான். "இப்ப ஓட்டு பாக்கலாம்."

அவனோடும் ஓடியது. திரும்பி வந்ததும் அவன் விண்ணப்பத் தாளை எடுத்தான்.

5

ராஜஸ்தானில் மாலை வாங்கினார்கள் என்று ஒரு முடிவு எழுதினேன். நான் பார்க்காத மாலை, கிழித்துவிட்டேன். உமேஷ் போனான் என்று இன்னொன்று. பூவாத்தாள் என்னைச் சும்மா விடமாட்டாள்.

விண்ணப்பத் தாள் நஞ்சுண்டசாமியின் மடியில் விரிந்திருக்கிறது. 'ஓட்டுநர்' என்ற கட்டத்துக்கு மேல் அவன் பேனா நிற்கிறது. ஸ்டியரிங் அவள் கையில்.

நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, பெட்ரோல் நீங்கள் போட்டதில்லை.