சேலம் டு சென்னை

ஆடி மாதம் புதுப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் பிரித்துவைப்பது எங்கள் ஊர்ப்பக்க வழக்கம். எனக்கும் கபிலனுக்கும் கல்யாணமான நாளிலிருந்தே ஆடிதான். நான் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில், பயணிகளைப் பதிவு செய்யும் கவுன்ட்டரில். அவர் சேலம் விமான நிலையத்தில், விமானத்தில் எவ்வளவு எடை ஏற்றலாம் என்று கணக்குப் போடுகிறவர்.

ஊழியர் சலுகை டிக்கெட்டில் ஒரு வம்பு உண்டு. காலி இடம் இருந்தால்தான் ஏற்றுவார்கள். ஆடி முடிந்ததும் ஒரு வாரம் வருகிறேன் என்று அவர் சொன்னதிலிருந்து, சென்னை–சிங்கப்பூர் விமானத்தில் இருக்கை காலியா என்று பார்ப்பதே எனக்குப் பிழைப்பாகிவிட்டது. கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீட்டர், அத்தனையும் கடல். சேலத்திலிருந்து சென்னை என்ன, முந்நூறுகூட வராது. ஏறி உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதற்குள் இறக்கிவிடுவான்.

அவர் கிளம்புகிற நாளில் முப்பது இடம் காலி. முந்தின நாளே தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிவைத்துவிட்டேன்.

"என்ன லா, ஒரே சிரிப்பு?" என்றார் பக்கத்துக் கவுன்ட்டர் கமலா அக்கா. "வர்றவங்கள எல்லாம் மாமான்னு கூப்பிட்டுடாதே!"

அப்போதுதான் சேலத்திலிருந்து போன் வந்தது.

"ரக்ஷனா, நான் ஏறலம்மா."

"ஏன்? முப்பது சீட் காலியா இருக்கே!"

"அது சென்னையில. இங்க ஆவணி முதல் முகூர்த்தம். கல்யாணக் கோஷ்டியே ஏறிடுச்சு, சீர்ப் பெட்டியோட. குட்டி பிளேன், எடை தாங்கல. சலுகை டிக்கெட்டத்தான் முதல்ல இறக்கணும்."

"யாரு இறக்குனா?"

"ஆள் இல்லாம இன்னிக்கும் கணக்கு நான்தான் போட்டேன்."

"உங்க பேர நீங்களே அடிச்சீங்களா மாமா?"

அவர் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

பாழாய்ப்போன முகூர்த்தம்! ஆடி எப்போது போகும் என்று நாங்கள் மட்டுமா காத்திருந்தோம்? ஊரே காத்திருந்தது. அது எங்கள் இரண்டு மண்டைக்கும் உறைக்கவில்லை. பஸ் பிடித்தாலும் சென்னை விமானம் போயிருக்கும். மறுநாளிலிருந்து வாரம் முழுக்க அதிலும் இடமில்லை. அவருடைய விடுப்பு அதோடு சரி.

சாயங்காலம் வேலை முடிந்து செங்காங் வீட்டுக்கு ரயில் ஏற வேண்டியவள், வருகை வாசலில் போய் நின்றேன். சென்னைப் பயணிகள் வண்டி தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கமலா அக்கா தேடி வந்து என் கையைப் பிடித்தார்.

"அவரு ஏறவே இல்லன்னு சொன்னியே லா. யாரப் பாக்குற?"

"அவரத்தான் அக்கா."