வெள்ளிப் பூச்சு

அண்ணன் உப்புத்தாளை மடித்துப் பாய்மரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வெள்ளிப் பெயிண்ட் பொடிப்பொடியாக அவன் செருப்பின் மேல் உதிர்ந்தது. அடியில் கறுப்பு தெரிந்தது.

அலுமினியத்தைத் தேய்த்தால் அலுமினியம்தான் வரும். கறுப்பு வந்தால் அது கார்பன் இழை.

கொட்டகை வாசலில் அளவு நாடாவோடு வந்து நின்ற அளவுக்காரிக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.

"என்ன அண்ணா இது?"

"வந்துட்டியா? அந்த முனையக் கொஞ்சம் பிடிம்மா, உருளுது."

அவள் பிடிக்கவில்லை.

"கார்பனா?"

"இனிமே என்ன? அதான் நேத்து சமரசம் ஆயிடுச்சே. எதுக்குப் பூச்சு, எடைதான் கூடும்."

ஒரே வகைப் பந்தயப் படகுக்கு இரண்டு சங்கங்கள் ஆனதே இந்தக் கார்பனால்தான். எடை குறைவு, வேகம் அதிகம், விலையோ யானை விலை. காசுள்ளவன் மட்டும் ஜெயிக்கக் கூடாது என்று பழைய சங்கம் தடை போட்டது. தடை வேண்டாம் என்றவர்கள் பிரிந்துபோய்ப் புதுச் சங்கம் வைத்தார்கள். பழைய சங்கத்துக்கு அண்ணன் செயலாளர். போட்டிக்கு முன் ஒவ்வொரு படகையும் சோதித்து, தான் கையெழுத்திட்ட முத்திரை ஸ்டிக்கரை ஒட்டுகிறவள் அவள். அதனால்தான் அளவுக்காரி என்று பெயர்.

தேசிய அணித் தேர்வன்று கூடப்பிறந்த தங்கையே கார்பன் மரத்தோடு வந்து நின்றாள். "வீட்டு ஆளுன்னு விட்டா நாளைக்கு நம்மள எவன் மதிப்பான்?" என்று காதில் சொன்னது அண்ணன். செல்லாது என்று சிவப்பு மார்க்கரால் அந்த மரத்தில் பெருக்கல் குறி போட்டது அளவுக்காரி. தங்கை கரையிலேயே நின்றுவிட்டாள். அண்ணன் ஜெயித்தான். அதற்குப் பிறகு தங்கை புதுச் சங்கத்துக்குப் போய்விட்டாள்; வீட்டுக்கு வருவதும் நின்றது. அம்மா அவளோடு போனில் பேசும்போது பக்கத்து அறைவரை கசியும் குரல்தான் மிச்சம்.

"இத எப்போ வாங்கினே?"

அண்ணன் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "தேர்வுக்குக் கொஞ்சம் முன்னாடி."

அன்று வரிசையில் படகுகள் நெருக்கியடித்து நின்றன. 'ஸ்டிக்கர்ல நீ கையெழுத்துப் போட்டுக் கொடு, என் படகுக்கு நானே ஒட்டிக்கிறேன்' என்றான் அண்ணன். கொடுத்தாள். ஊர்ப் படகையெல்லாம் குண்டூசி முனைவரை அளந்தவள், அண்ணன் படகை ஏறிட்டும் பார்க்கவில்லை.

நேற்றைய சமரசத்துக்கு முதலில் கை தட்டியவளும் அவள்தான். இரண்டு சங்கமும் ஒன்றாகும். முத்திரை பெற்ற மரம் எதுவானாலும் செல்லும். ஆனால் எந்தச் சங்கம் நிராகரித்த மரமும் திரும்ப வராது. பழைய சண்டையைக் கிளற வேண்டாம் என்று அந்தக் கடைசி விதியைச் சேர்த்தவன் அண்ணன். அது யாரைத் தடுக்க என்று இப்போதுதான் உறைத்தது.

வாசலில் நிழல் விழுந்தது. தோளில் சிவப்புக் குறி விழுந்த அதே பாய்மரத்தோடு தங்கை.

"அளக்கணும்." அக்கா என்ற சொல்லே இல்லை.

அண்ணன் நிமிர்ந்தான். "சிவப்புக் குறி விழுந்தது செல்லாது. விதி தெரியும்ல?"

"எழுதினதே நீ. தெரியாமயா இருக்கும்?" தங்கையின் கண் அவன் மரத்துக்குப் போனது. "அட, வெள்ளிக்காரர் குளிச்சுட்டாரா! தேய்ச்சா இவ்வளவு கறுப்பா?"

அளவுக்காரி தங்கை பக்கம் திரும்பினாள். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கரையில நின்னு பார்த்தேனே. காத்து அடிச்சப்போ அலுமினியம் அப்படி வளையாது."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"முத்திரையில உன் கையெழுத்து இருந்துச்சு." தங்கை தன் மரத்தைக் கீழே வைத்தாள். "நீயும் கூட்டுன்னு நெனச்சேன்."

இவ்வளவு நாளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அளவுக்காரி தங்கையின் மரத்தைத் தாங்கியில் கிடத்தி, நுனியைத் தொங்கு தராசில் மாட்டினாள். முள் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டாள். பிறகு அண்ணனின் மரம். முள் அதே இடத்தில் வந்து நின்றது.

"முத்திரை இருக்கில்ல, எதுக்கு அளக்குற?"

"அன்னிக்கு அளக்கல."

அவள் கை சட்டைப்பைக்குப் போனது. சிவப்பு மார்க்கரைப் பார்த்ததும் அண்ணனின் குரல் இறங்கியது.

"யோசிச்சுச் செய்மா. குறி போட்டா சமரசம் புட்டுக்கும். அளக்காமலே கையெழுத்துப் போட்டேன்னு நீயே எல்லார் முன்னாடியும் சொல்லணும். அப்புறம் உன்னை எந்தப் படகுப் பக்கமும் விடமாட்டாங்க. என் பேரு மட்டும் போகாது."

வெளியே போட்டிக்கான முதல் சங்கு ஊதியது. பாய்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. யாரோ, "அளவுக்காரி எங்க?" என்று கத்தினார்கள்.

அவள் மார்க்கரின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, அண்ணனின் மரத்தின் அருகே குனிந்தாள். தாங்கியின் மேல் அது மெல்ல உருண்டது. ஒரு கையால் நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை.

மறுமுனையைத் தங்கை பிடித்துக்கொண்டாள். வெள்ளிப்பொடி அவள் விரல்களிலெல்லாம் ஒட்டியது.