ஒரு சாண் துணி

பருத்தி மில் நகரமான போல்டனின் கடைத்தெருவில் பெண்கள் உடை விற்கும் கடைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் தெல்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதினான்கு வயதில் தறிக்கூடத்துக்குள் போனவள். அங்கேயே வேலை செய்யும் அக்கா ஈனிட் பஞ்சுத்தூசியில் இருமுவதைக் கேட்டுக் கேட்டு, தானும் அப்படி இருமிச் சாக அவளுக்கு மனமில்லை.

கடைப்பெண்ணுக்குக் கருப்பு உடை சொந்தமாக இருக்க வேண்டும். தெல்மாவிடம் இருந்தது யுத்தகாலத்து உடை. துணியை மிச்சம்பிடித்து முழங்காலோடு நறுக்கியது. இப்போதோ கடைக்கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகளுக்கெல்லாம் பாவாடை கெண்டைக்கால்வரை இறங்கியிருந்தது. துணிக்கும் ரேஷன்; புதிது எடுக்கக் கூப்பன் இல்லை.

ஈனிட் தன் கருப்புப் பாவாடையை மேசைமேல் போட்டாள். அவளுக்கிருந்த ஒரே நல்ல துணி.

"சனிக்கிழமை வில்ஃப் டான்ஸுக்குக் கூப்டிருக்காரே, எதப் போட்டுட்டுப் போவ அக்கா?"

"மில்லு ஏப்ரனும் கட்டைச் செருப்பும்தான். புடிச்சா ஆடட்டும். கத்திரிய எடுடி."

சுற்றிலும் ஒரு சாண் வெட்டி, தங்கையின் உடைக்கு அடியில் ஒட்டுத் தெரியாமல் தைத்தாள்.

கடை மேலாளர் மிஸ் ப்ளண்டெல் தெல்மாவை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, நீ விக்க வந்தியா, வாங்க வந்தியா?"

"வேலைக்குத்தான் மேடம்."

"இங்க வர்ற சீமாட்டிங்கள்ல பாதிப்பேர் இன்னும் குட்டைப் பாவாடையிலதான் வர்றாங்க. விக்கிறவ அவங்களவிட எடுப்பா நின்னா எதிர்க் கடைக்குப் போயிடுவாங்க. புது மோஸ்தர் பொம்மைக்கு. உனக்கில்ல."

"நாளைக்கே பிரிச்சிட்டு வந்துடறேன் மேடம்."

"நாளைக்கா? வெளிய எத்தன பேர் நிக்கிறாங்க பாத்தியா?" கத்திரியை நீட்டினார்.

தெல்மா அங்கேயே குனிந்து வெட்டினாள். விழுந்த துணியை மிஸ் ப்ளண்டெல் கந்தல் கூடையில் போட்டார். வேலை கிடைத்துவிட்டது. துணியைக் கேட்க வாய் வரவில்லை.

வீட்டில் ஈனிட் தங்கையின் முழங்காலைத்தான் முதலில் பார்த்தாள்.

"துணி எங்கடி?"

"கடையில இருக்குக்கா. திங்கக்கிழமை வாங்கியாரேன்."

சனிக்கிழமை வில்ஃப் வந்து கதவைத் தட்டினான். தலைவலி என்று உள்ளிருந்தே சொல்லி அனுப்பினாள் ஈனிட்.

திங்கட்கிழமை தெல்மாவுக்குக் கொடுத்த முதல் வேலை கண்ணாடி துடைப்பது. துடைக்கக் கொடுத்தது அதே கருப்புத் துணி.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மில் பெண்கள் கட்டைச் செருப்பு தடதடக்கக் கடையைத் தாண்டிப் போனார்கள். ஈனிட் மட்டும் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். தங்கை கையிலிருந்ததைப் பார்த்தாள். தறிச் சத்தத்தில் குரல் எடுபடாது என்று மில் பெண்கள் உதட்டாலேயே பேசிப் பழகியவர்கள். ஈனிட்டின் உதடு அசைந்தது:

'கீழ் மூலையில அழுக்கு இருக்கு. நல்லாத் தேய்டி.'

தெல்மாவும் பதிலுக்கு உதட்டைத் திறந்தாள்.

"கண்ணாடியப் பாத்து என்ன வாய மெல்ற?" பின்னாலிருந்து மிஸ் ப்ளண்டெல். "மில்லுப் பழக்கமெல்லாம் வாசலோட விட்டுடணும்."

தெல்மா வாயை மூடிக்கொண்டாள். மறுபடி பார்த்தபோது ஈனிட் தெருமுனையைத் தாண்டியிருந்தாள். தெல்மா குனிந்து அந்த மூலையைத் துடைத்தாள்.