இடப்பக்கம் கிடந்த கை

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நப்லா கெட்டது ஒரேயொரு 'சரி'யால். கெட்டிக்காரிதான், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. பக்கவாதம் வந்து கிடப்பவர்களின் வீடு தேடிப் போய், விழுந்த கைகால்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவளுடைய வேலை. காலையில் கிண்ணியாவிலிருந்து ஸ்கூட்டியில் புறப்பட்டுப் பாலத்தைக் கடந்தாளென்றால், திருகோணமலை நகரத்தில் ஐந்து வீடுகளை முடித்துக்கொண்டு அஸர் தொழுகைக்கு முன் வீடு திரும்பிவிடுவாள். ஐந்து வீட்டிலும் அவளுக்கு ஒரே பெயர், மிஸ். அதில் மூன்றாவது வீடு, உட்துறைமுக வீதியிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கையில் இருந்த கிறிஸ்தோபரின் வீடு.

கிறிஸ்தோபருக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடம் கடலுக்குப் போன உடம்பு. நான்கு மாதத்துக்கு முன்னர் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே கிணற்றடியில் சாய்ந்தார். மூளையின் வலப்பக்கத்தில் அடைப்பு. உடம்பின் இடப்பக்கம் போய்விட்டது. கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது, பொல்லை ஊன்றி விறாந்தை வரை நடந்தார். பேச்சில் ஓர் எழுத்துக்கூடக் குறையவில்லை. கைதான் வில்லங்கம். கை வரவில்லை என்பதுகூடப் பரவாயில்லை, அது தன்னுடைய கை என்பதையே மனிதர் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த நோயில் அப்படி வருவதுண்டு. மூளைக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். கிறிஸ்தோபர் கோப்பையில் வலப்பக்கத்துச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் பசிக்கிறது என்பார். சவரம் செய்தால் பாதி முகம் அப்படியே கிடக்கும். இடப்பக்கத்தில் நின்று யாரும் அவரோடு கதைத்தால் சுவரோடு கதைத்த மாதிரித்தான். இதெல்லாம் நப்லா படித்ததுதான், பயப்படவில்லை. அவளைப் பயப்படுத்தியது கலண்டர். வருகிறதெல்லாம் முதல் ஆறு மாதத்துக்குள்தான் பெரும்பாலும் வரும், நான்கு போய்விட்டது. அதற்குள் கையைத் தன் கையென்று மூளை எடுத்துக்கொள்ளாவிட்டால், கை போனது போனதுதான்.

கிறிஸ்தோபரின் மனைவி றீற்றாவுக்கும் இது தெரியும். முதல் நாளே நப்லாவைக் குசினிக்குள் கூப்பிட்டு, தேத்தண்ணியைக் கையில் கொடுத்து, "மிஸ், என்ர மனிசன்ர கையை எனக்குத் திருப்பித் தாங்கோ. வேற ஒண்டும் நான் கேக்கேல்லை" என்று சொல்லியிருந்தாள்.

"அங்கிள், இந்தக் கையைக் கொஞ்சம் தூக்குவமா?" என்று நப்லா அன்றைக்குத் தொடங்கினாள்.

"அது என்ர இல்லை, மிஸ்."

"பின்ன ஆர்ர?"

"தனஞ்சயன்ர. வச்சிட்டுப் போயிட்டான். வருவான் தானே, வந்து எடுப்பான்."

பக்கத்து வீட்டுக்காரன் குடையை மறந்து வைத்துவிட்டுப் போனது போலச் சொன்னார். முகம் யன்னல் பக்கம், வலப்பக்கம், துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தது. கட்டிலில் அவருக்கு இடப்பக்கமாகக் கிடந்த கையை நப்லா தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்து கிடந்தது. இரத்தோட்டம் குறைந்த கை குளிராமல் என்ன செய்யும்? உள்ளங்கை ஈரமாகவும் இருந்தது. வியர்வை என்று நினைத்துத் துவாயால் துடைத்தாள்.

தனஞ்சயன் யாரென்று றீற்றா வெளியே வைத்துச் சொன்னாள். கிறிஸ்தோபரோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவன். பதினொரு வருடத்துக்கு முன் ஒரு மாரிக் காலத்தில், கொட்டியாரக் குடாவில் வள்ளம் புரண்டது. இவர் கரைக்கு வந்தார், அவன் வரவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. அங்கே என்ன நடந்ததென்று கிறிஸ்தோபர் இன்றுவரை வாய் திறந்ததில்லை, வீட்டிலும் யாரும் கிண்டிக் கேட்டதில்லை.

நோயாளி இப்படிக் கதைத்தால் ஒத்துப் பாடவும் கூடாது, எதிர்த்து வாதாடவும் கூடாது என்பது நப்லா படித்த பாடம். அவருடைய கண்ணை மெல்ல இடப்பக்கம் கொண்டுவர வேண்டும். தோளிலிருந்து விரல் வரை அவரையே தடவிப் பார்க்க வைக்க வேண்டும். ஒரு நாளில் முடிகிற காரியமில்லை. பத்து நாள் பார்த்தாள், ஓர் அசைவில்லை. பதினோராம் நாள் வெயில் மண்டையைப் பிளந்தது, இன்னும் இரண்டு வீடு கிடந்தது, போனும் விடாமல் அடித்தது. அந்த அவசரத்தில்தான் சொன்னாள்.

"சரி அங்கிள். தனஞ்சயன் அண்ணைட கையாகவே இருக்கட்டும். அவர் வந்து கேக்கும்போது விறைச்ச கையையா குடுப்பீங்க? அதுவரைக்கும் நல்லா வச்சிருக்க வேணாமா?"

கிறிஸ்தோபர் யோசித்தார். "ஓம், அது ஞாயம்தான். இல்லாட்டி என்னைத்தான் ஏசுவான்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அது ஒரு பகிடியாகிவிட்டது. 'தனஞ்சயன் அண்ணை, எழும்புங்கோ, வேலைக்கு நேரமாச்சு' என்பாள் நப்லா. றீற்றாவும் சேர்ந்துகொண்டு, 'தனம், இண்டைக்குக் கள்ளம் அடிக்காதை' என்பாள். மூன்றாம் நாள் தண்ணீர்ப் பேசினுக்குள் கிடந்த பஞ்சைக் கை பிடித்தது. ஐந்தாம் நாள் பிழிந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிக்கும் முதல் சத்தம் கேட்கும்போது சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும். நப்லா வீட்டுக்குப் போய் உம்மாவிடம் பெருமையடித்தாள்.

பிறகு கை நிற்கவில்லை. பயறுக்குள் ஒளித்து வைத்த கண்ணாடிப் போளையைத் தேடி எடுத்தது. கொடியில் உடுப்புக் கிளிப்பை மாட்டிக் கழற்றியது. இவ்வளவு வேகமாக ஒரு கை திரும்பி வந்ததை அவள் பார்த்ததில்லை. ஆனால் ஒன்று, கிறிஸ்தோபர் ஒருநாளும் திரும்பி அதைப் பார்க்கவில்லை. யன்னலைப் பார்த்துக்கொண்டு மூதூருக்குப் போகிற லோஞ்சைப் பற்றியும் பாரை மீன் விலையைப் பற்றியும் கதைத்துக்கொண்டிருப்பார். கை தன்பாட்டில் தன் வேலையைச் செய்யும். ஒரே கட்டிலில் இரண்டு பேருக்குப் பயிற்சி கொடுக்கிற மாதிரி நப்லாவுக்குத் தோன்றத் தொடங்கியது. இதை யாரிடம் சொல்வது? சொன்னால் மிஸ்ஸுக்கும் மூளையில் அடைப்பு என்பார்கள்.

ஒருநாள் விரலுக்கு வேலையாக இருக்கட்டுமென்று ஒரு முழ நைலோன் கயிற்றைக் கையருகே போட்டாள். கிறிஸ்தோபர் ஏதோ பழைய தேர்தல் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கை கயிற்றை இழுத்தது, சுண்டுவிரலில் ஒருமுறை சுற்றியது, கட்டைவிரலால் தள்ளி உள்ளே விட்டு இறுக்கியது. ஒற்றைக் கையால் ஒரு முடிச்சு. தேர்தல் கதை ஒரு சொல்லில்கூடத் தடைப்படவில்லை.

தேத்தண்ணியோடு வந்த றீற்றா முடிச்சைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். கரையில் யார் யாருடைய முடிச்சென்று பெண்களுக்கும் தெரியும்.

"இவருக்கு இப்பிடிக் கட்டத் தெரியாது, மிஸ். இது தனம் கட்டுற கட்டு. அவன் இடக்கைக்காரன்."

நப்லா பயந்தாள், உண்மையாகவே பயந்தாள். பார்த்துப் பழகியிருப்பார், மூளைக்குள் எங்கேயோ கிடந்திருக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள். பாலத்தில் போகும்போது கீழே தண்ணீரைப் பார்க்கவில்லை.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? கதை தனஞ்சயனின் ஊரான திருக்கடலூருக்குப் போய்விட்டது. அடுத்த கிழமை நப்லா போனபோது, கட்டிலின் இடப்பக்கத்துக் கதிரையில் ஒரு பெண் இருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. தனஞ்சயனின் மனைவி பவளராணி. இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைப்பவள். உடலைக் காணாமல் காரியம் செய்ய மாட்டேன், காரியம் செய்யாமல் தாலியைக் கழற்ற மாட்டேன் என்று பதினொரு வருடமாக நிற்கிறவள். அவளுக்குக் கதவை மூட றீற்றாவால் முடியவில்லை. கடல் எடுத்தது அவளுடைய புருஷனை, விட்டுவைத்தது இவளுடைய புருஷனை. என்ன முகத்தோடு மூடுவது?

பவளராணி அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். விரல்கள் அவளுடைய விரல்களுக்குள் ஒவ்வொன்றாகப் போய்ப் பூட்டிக்கொண்டன.

அவள் வந்திருப்பதே கிறிஸ்தோபருக்குத் தெரியாது. அவருக்குத்தான் இடப்பக்கமே இல்லையே. யன்னலைப் பார்த்தபடி சொன்னார், "மிஸ், தனம் இண்டைக்குச் சந்தோஷமா இருக்கிறான்."

அதற்குப் பிறகு பவளராணி ஒரு நாளும் தவறவில்லை. கை அவளுக்கு மட்டும்தான் பிடி கொடுத்தது. நப்லா தொட்டால் செத்த மீன், றீற்றா தொட்டால் ஒரேயடியாக உதறும். தன் மனிசனின் கை தன்னை உதறுவதைத் தாங்காமல் றீற்றா குசினிக்குள் போய் அழுதாள். வாசலில் பவளராணி நப்லாவை மறித்தாள்.

"மிஸ், இந்தக் கைக்கு வடிவாப் பயிற்சி குடுங்கோ. உடம்பில மற்றது வராட்டியும் பறவாயில்லை."

"அக்கா, அது கிறிஸ்தோபர் அங்கிள்ட கை."

"நீங்கதானே பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க," என்றாள் பவளராணி. கோபமில்லை, நன்றியோடுதான் சொன்னாள்.

தப்பு நப்லாவுடையது. அவசரத்துக்கு ஒரு பெயரைக் கொடுத்து, ஒருத்தியின் புருஷனிடமிருந்து கையைப் பறித்து இன்னொருத்தியின் மடியில் வைத்துவிட்டாள். பெயரைத் திருப்பி எடுத்தாக வேண்டும், கை திரும்பப் படுத்துவிட்டாலும் சரிதான். அதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

மறுநாள் முதல் வீடாக அங்கேதான் போனாள். பவளராணி அவளுக்கும் முந்திக்கொண்டு வந்திருந்தாள். அன்று இடியப்பம் அவிக்கவில்லை போலும். விரல்கள் பூட்டியபடி இருந்தன.

"எழும்பமாட்டன். பேசாம இருப்பன்," என்றாள்.

"இருங்க," என்றாள் நப்லா. அவளை எழுப்ப மனம் வரவில்லை.

அலுமாரிக்குப் பக்கத்திலிருந்த நிலைக்கண்ணாடியை றீற்றாவும் அவளும் தூக்கி வந்து யன்னலோரம் வைத்தார்கள். அவர் வலப்பக்கம்தானே பார்ப்பார், கண்ணாடியும் அங்கேயே இருக்கட்டும். அதற்குள் இடப்பக்கம் தெரியும். பிஸ்மி சொல்லி, கிறிஸ்தோபரின் வலக்கையை எடுத்து அவருடைய இடத்தோளில் வைத்தாள்.

"அங்கிள், இது ஆர்ர தோள்?"

"என்ர."

"கையை எடுக்காமக் கீழ வாங்க. இது?"

"என்ர முழங்கை."

"இன்னும் கீழ."

வலக்கை ஊர்ந்து மணிக்கட்டுக்கு வந்தது. அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு விரல்களுக்குப் போனது. அங்கே பத்து விரல்கள் இருந்தன. அவர் எண்ணினார். திரும்பவும் எண்ணினார். அப்போதுதான் கண்ணை உயர்த்திக் கண்ணாடியைப் பார்த்தார். குங்குமம் வைத்த பவளராணியின் முகம் அதற்குள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.



"பவளம்," என்றார் கிறிஸ்தோபர். "எப்ப வந்தனீ?"

"ஒவ்வொரு நாளும் வந்தனான், அண்ணை."

அவர் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தோளிலிருந்து விரல் வரை இன்னொருமுறை தடவிப் பார்த்தார். முகம் மெல்ல மெல்லக் கோணியது. நோயால் கோணிய பக்கமும் சேர்ந்து அழுதது.

"இது என்ர கைதான். தனத்தின்ர இல்லை," என்றார். "நான் வலக்கையால வள்ளத்தைப் பிடிச்சிருந்தனான், பவளம். இந்தக் கையால அவனைப் பிடிச்சிருந்தனான். விடியுமட்டும் பிடிச்சிருக்க என்னால ஏலும். கை விறைக்கேல்லை. வள்ளம் தாழத் தொடங்கிச்சு. ரெண்டு பேரும் போயிடுவம் எண்டு யோசிச்சனான். யோசிச்சுத்தான் விரலைத் திறந்தனான். கடல் பறிக்கேல்லை. நான் விட்டனான்."

றீற்றா சிலுவை போட்டுக்கொண்டாள். பவளராணியின் மடியில் கிடந்த கை திறக்கத் தொடங்கியது. முதலில் சுண்டுவிரல், அடுத்து மோதிரவிரல். நப்லா பார்த்துக்கொண்டே இருந்தாள்; கிறிஸ்தோபர் அதைச் செய்யவில்லை, அவர் இரு கண்ணையும் மூடிக்கொண்டிருந்தார். பவளராணி பதறி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். "போகாதேங்கோ," என்றாள், மெதுவாக, இரண்டு தரம். நடுவிரல், சுட்டுவிரல். கடைசியில் கட்டைவிரலும் அவளுடைய பிடிக்குள்ளிருந்து வழுக்கிக் கட்டிலில் விழுந்தது.

பவளராணிதான் முதலில் பேசினாள்.

"கடைசியா என்ன சொன்னவர்?"

கிறிஸ்தோபர் கண்ணைத் திறந்தார்.

"சொல்லுங்கோ அண்ணை. பதினொரு வருஷம். என்ர பேரைச் சொன்னவரோ?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் யாரானாலும் சொல்லியிருப்பார்கள், நப்லாவும் சொல்லச் சொல்லி மனதுக்குள் மன்றாடினாள்.

"இல்லை, பவளம். 'விடாதை மச்சான்' எண்டவன். அது மட்டும்தான்."

பவளராணி எழுந்து கதிரையைச் சுவரோடு சாய்த்து வைத்தாள். சீலையைச் சரிசெய்துகொண்டு ஒருவரிடமும் சொல்லாமல் ஒழுங்கையில் இறங்கி நடந்தாள்.

நப்லா அந்தக் கதிரையில் உட்கார்ந்தாள். கையைத் தொட்டாள். காய்ந்திருந்தது, மற்றக் கையைப் போலவே சூடு. ஐந்து மாதத்தில் முதல்தடவையாகக் கிறிஸ்தோபர் தலையைத் திருப்பி, தன் இடப்பக்கத்தை, அந்தக் கையை நேராகப் பார்த்தார். இதற்காகத்தான் இத்தனை நாள் பாடுபட்டாள்.

"அங்கிள், உங்கட கைதானே? தூக்குங்க பாப்பம்."

அவர் பல்லைக் கடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றி வியர்த்துக் கொட்டியது. றீற்றா கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ர கைதான், மிஸ்," என்றார். "தூக்க ஏலாமக் கிடக்கு."