புலி வேண்டாம்

"காட்டுக்குள்ள போனா யானையா மாறுற ராஜகுமாரன எவம்மா காதலிப்பா? புலியா மாத்திடு," என்றார் பதிப்பாளர் போனில்.

சுவாதி கேன்டீன் டீயைக் கீழே வைத்தாள். காட்டோர ஜவளகிரிக்காரி, வேலைக்காக மூக்கண்டப்பள்ளியில் அறை எடுத்துத் தங்கி, கம்பெனி பஸ்ஸில் போகவர போனிலேயே தட்டித் தட்டி எழுதிய முதல் நாவல் அது.

"முடியாதுங்க சார்."

"ஏம்மா?"

"புலி பின்னாடி பதுங்கி வரும். பஸ்ஸ விட்டு எறங்கி ரூமுக்குப் போறதுக்குள்ள தெனமும் எவனாவது அப்படித்தான் வர்றான். கதையிலயுமா? எங்கூரு ராகிக் கொல்லைக்கு யானை வந்தா, தூரத்துல இருக்கறப்பவே கெளை முறியற சத்தம் கேக்கும். நான் வர்றேன், போறதுன்னா போயிக்கன்னு சொல்ற மாதிரி. என் ராஜகுமாரனும் அப்படித்தான் வருவான்."

"அப்பப் புத்தகம் போடறது கஷ்டம்மா."

"போடாட்டி போங்க சார்."

போனை வைத்தாள். இடைவேளை முடிய நாலு நிமிடம் இருந்தது. கடைசி அத்தியாயத்தைத் திறந்து எழுதினாள்:

'கிளை முறியும் சத்தம் கேட்டது. ஓடுவதற்கு நேரம் இருந்தது. அவள் கதவைத் திறந்து வைத்தாள்.'