வளை வாயில் ஊற்றிய கான்கிரீட்

கான்கிரீட் வண்டி விடிவதற்கு முன்பே வந்து நின்றது. பாலைவன ஊரான ட்யூசானில் மே மாதக் கடைசியில் வெயில் ஏறிவிட்டால் எவனும் கான்கிரீட் ஊற்ற மாட்டான். ஊற்றினால் கொத்தனார் கரண்டி வைத்து இழுப்பதற்குள் இறுகிவிடும். கொலீன் காபிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்க மறந்து, பின்வாசலில் நின்றிருந்தாள். பிப்ரவரியிலிருந்து அவள் அப்படித்தான் நிறையக் காபியை ஆற விட்டுக்கொண்டிருந்தாள்.

கணவன் டேரெல் இறந்த பிறகு அவளுக்கென்று வீட்டில் மிஞ்சியிருந்த உயிர் பிஸ்கட் ஒன்றுதான். பிஸ்கட் ஆப்பிரிக்க நில ஆமை. ஞாயிற்றுச் சந்தையில் டேரெல் அதை வாங்கி வந்தபோது உள்ளங்கையில் அடங்கியது, நிறமும் உருவமும் பிஸ்கட் மாதிரியே இருந்தது. இப்போது அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். டேரெல் போன அடுத்த மாதமே அது கம்பி வலை வேலியை முட்டிச் சாய்த்துக்கொண்டு நெடுஞ்சாலை வரை போய்விட்டது. பிடித்துக் கொண்டுவந்த கவுண்டி நிர்வாகத்து விலங்குப் பிரிவு ஆள் நல்லவன்தான். ஆனாலும் இன்னொரு தடவை ரோட்டில் பார்த்தால் திருப்பித் தர முடியாது என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதனால்தான் இந்தச் சுவர். ஆமைக்கு எதிர்ப்பக்கம் கண்ணில் பட்டால் அது வேலி இல்லை, வழி. ஊடே பார்க்க முடியாத சுவராக இருக்க வேண்டும், அடியில் தோண்டிப் போக முடியாதபடி அஸ்திவாரம் ஆழமாக இறங்க வேண்டும். டேரெலின் தம்பி வெண்டெல் தினமும் பீனிக்ஸ் பக்கத்திலிருந்து வந்து மூன்று பக்கமும் ஹாலோ பிளாக் அடுக்கி முடித்திருந்தான். கிழக்குப் பக்கம்தான் பாக்கி. அங்கே அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டிய கோட்டின் மேலேயே பிஸ்கட் குடைந்த வளையின் வாய் திறந்து கிடந்தது. அதை அப்படியே விட்டுச் சுவர் எழுப்பினால் முதல் மழையில் சுவர் உட்கார்ந்துவிடும். கல்லைப் போட்டு நிரப்பி மேலே கான்கிரீட் ஊற்றுவது என்று முடிவு செய்திருந்தார்கள். பிஸ்கட்டுக்கு மேற்கு மூலையில் புது அறை, மண் போட்ட தரை, மேலே விளக்கு, எல்லாம் தயார். வேலை முடியும்வரை பிளைவுட் பலகைகளை முளையடித்து ஒரு தற்காலிகப் பட்டி செய்து அதில் விட்டிருந்தார்கள்.

வெண்டெல் வளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். கொஞ்ச தூரத்தில் வளை வலப்பக்கம் திரும்பிவிடும், அதற்கு மேல் தெரியாது.

"நம்ம ஆமைத் துரை எங்க?" என்று குனிந்தபடியே கேட்டான்.

கொலீன் பட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வைக்கோலுக்கு நடுவில் பழுப்பாக முதுகு தெரிந்தது. ஆமை வளர்ப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். முதுகு தெரிந்தால் ஆமை இருக்கிறது. மணிக்கணக்காக அசையாத ஒன்றை யாரும் போய்த் தொட்டுப் பார்ப்பதில்லை.

"தூங்குறான்."

"குடுத்து வச்சவன். அடுத்த ஜென்மத்துல நான் உன் வீட்டு ஆமையாப் பொறக்கணும். இலவசமா சாப்பாடு, இலவசமா வீடு, கட்டுறதுக்கு ஒரு கூமுட்டை."

"கூமுட்டைக்கு இன்னொரு காபி வேணுமா?"

"அந்தக் கையில இருக்கிறதையே குடு. நீ குடிக்கப் போறதில்ல."

உடைந்த பிளாக் துண்டுகளைக் கொட்டினான். வண்டிக்காரன் குழாயைத் திருப்பினான். ஈரக் கான்கிரீட்டை வெண்டெல் பலகையால் இழுத்துச் சமன் செய்தான். எல்லாம் முடிந்து வண்டி போன பிறகு, கொலீனைப் பார்க்காமல், விரலால் அதில் அண்ணன் பெயரை எழுதினான்.

பகலில் அடுத்த வீட்டு யோலாண்டா பீன்ஸ் வைத்துச் சுருட்டிய பரீட்டோ ரொட்டி கொண்டுவந்து வைத்துவிட்டு, "இதையாவது சாப்பிடும்மா, எலும்பா நிக்கிற" என்று சொல்லிவிட்டுப் போனாள். வெண்டெல் சாப்பிட்டுவிட்டு ஏசிக்கு நேர் கீழே தரையில் படுத்துத் தூங்கினான்.

வெயில் சாய்ந்த பிறகு கொலீன் சப்பாத்திக்கள்ளி மடல்களின் முள்ளைச் சுரண்டி எடுத்துக்கொண்டு பட்டிக்குப் போனாள். கத்தியால் சுரண்டும் சத்தம் கேட்டாலே பிஸ்கட் தலையை நீட்டிவிடும். நீட்டவில்லை. அவள் உள்ளே கால் வைத்து, மடலின் நுனியால் அந்த முதுகைத் தட்டினாள்.

டங் என்று சத்தம் வந்தது.

அவள் கையில் இருந்ததெல்லாம் கீழே விழுந்தது. குனிந்து அதைப் புரட்டினாள். தண்ணீர் வைக்கும் பழைய இரும்புத் தொட்டி, துருப் பிடித்தது. பிஸ்கட்டுக்கு எதையும் கவிழ்த்துப் போடும் பழக்கம் உண்டு. கவிழ்ந்து வைக்கோலில் பாதி புதைந்து, பழுப்பாக, வட்டமாக, முதுகு மாதிரியே இருந்தது. அடியில் ஒன்றுமில்லை.

பட்டியின் மூலையில் பிளைவுட் முளையை விட்டு விலகி, தன் பாட்டுக்கு மறுபடி வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. தள்ளிப் பார்த்தாள், கதவு மாதிரித் திறந்தது. வெளியே புழுதியில் அகலமான இழுவைத் தடம். அவள் அதன் கூடவே நடந்தாள். தடம் நேராகக் கிழக்கே போய், காய்ந்து வெளுத்திருந்த கான்கிரீட்டின் விளிம்பில் முடிந்தது. அந்தப் பக்கம் தடமில்லை.

ராத்திரி குளிர்ச்சியில் தன் வீட்டுக்குப் போயிருக்கிறது. பிறகுதான் வண்டி வந்திருக்கிறது.

கொலீன் நின்ற இடத்தில் நின்றாள். டேரெல் போன அன்றைக்குப் பின்தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தொப்பியும் முதுகும்தான் தெரியும். துணிக்கூடையோடு போனபோது பார்த்தாள், திரும்பி வந்தபோதும் பார்த்தாள். தூங்குகிறான் என்றுதான் நினைத்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்று டாக்டர் சொன்னார். அவள் இன்றைக்கும் அதையேதான் சொன்னாள். தூங்குறான்.

உள்ளே போய் வெண்டெலின் தோளைக் காலால் உலுக்கினாள்.

"என்ன?"

"அவன் உள்ள இருக்கான்."

"யாரு உள்ள இருக்கா?"

அவள் கையை நீட்டினாள். அவன் அந்தத் திசையைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், செருப்பு போடாமல் ஓடினான்.

தடத்தைப் பார்த்ததும் அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "கல்லைக் கொட்டினேனே" என்றான். "நான்தான் கொட்டினேன், கொலீன். அவன் மேலயே கொட்டிட்டேனா?"

"திருப்பத்துக்கு அந்தப் பக்கம் இருந்திருப்பான்."

"இருந்திருப்பானா?"

அவள் கடப்பாரையை எடுத்து டேரெல் பெயரின் முதல் எழுத்தின் மேல் போட்டாள். ஒரு சில்லு தெறித்தது. மறுபடி ஓங்கினாள். வெண்டெல் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டான்.

"மேல இருந்து இடிச்சா கூரை உள்ள விழுந்துரும். பக்கத்துல பள்ளம் வெட்டிப் போவோம். திருப்பத்துக்கு நேரா."

யோலாண்டா தன் வீட்டு வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். மண்வெட்டியோடு வந்து இறங்கினாள். மேலே கொஞ்சம் மணல், அடியில் பாறையாக இறுகிய சுண்ணாம்பு மண். கொத்தினால் பொறி பறந்தது. மூன்று பேரும் மாறி மாறி வெட்டினார்கள்.

"காத்து இருக்குமா உள்ள?" என்று யோலாண்டா கேட்டாள்.

"ஆமைக்குக் காத்து நிறைய வேணாம்" என்றான் வெண்டெல். கொஞ்சம் கழித்து, "அப்படித்தான் நெனைக்கிறேன்" என்றான்.

"நெனைக்கிறத வாயை மூடிட்டு நெனைடா. வெட்டு" என்றாள் யோலாண்டா.

இடுப்பளவு இறங்கியபோது கடப்பாரை வெறுமையில் போய் விழுந்தது. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்றும் சாண வாடையும் வந்தன. கையால் மண்ணைப் பறித்து ஓட்டையை அகலமாக்கினார்கள். வெண்டெல் டார்ச் அடித்தான். கற்கள் திருப்பத்தோடு நின்றிருந்தன. அதற்கு அப்பால் தூசி படிந்து சாம்பல் நிறமான பெரிய ஓடு ஒன்று வளையை அடைத்துக்கொண்டிருந்தது.

"இருக்கான்" என்று வெண்டெல் பள்ளத்திலேயே உட்கார்ந்துவிட்டான். "இருக்கான், இருக்கான்."

"முதுகுதான் தெரியுது" என்றாள் கொலீன்.

"முதுகு இருக்குன்னா ஆளும்..." அவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

கொலீன் குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டாள். ஓட்டின் விளிம்பு, அதற்குக் கீழே பின்னங்கால். செதில் செதிலான தோல். ஜில்லென்று இருந்தது. அழுத்திப் பார்த்தாள். கால் உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை.

"எப்படி இருக்கு?"

"ஜில்லுன்னு."

"ஆமை எப்பவும் ஜில்லுன்னுதானே இருக்கும், கொலீன்."

"தெரியும்."

"கயிறு போட்டு இழுக்கட்டுமா?"

"வேணாம். உயிரோட இருந்தா கால ஊனிக்குவான், கிழிஞ்சிரும். இல்லன்னா இழுத்து என்ன ஆகப்போகுது."

யோலாண்டா தன் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தாள். வெண்டெல் எழுந்து போய், கள்ளி மடல்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தான், எதற்கு என்று அவனுக்கே தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கொலீன் கையை எடுக்கவில்லை. கால் அவள் விரல்களுக்குள் கிடந்தது.

அந்தி வெளிச்சத்தில் மலைப் பக்கம் சிவந்தபோது உள்ளே சைக்கிள் டயரில் காற்று இறங்குவதுபோல் ஒரு நீண்ட சீறல் கேட்டது. கால் அவள் கையிலிருந்து உருவிக்கொண்டது.

"திட்டுறான்" என்றான் வெண்டெல். "உயிரோட இருக்கான், திட்டுறான். எழுந்திரு கொலீன், மேல மண்ணு நிக்காது. வா வெளிய."

"முகத்தைப் பாக்கணும்."

"சத்தம் கேட்டுச்சுல்ல?"

"முகத்தைப் பாக்கணும், வெண்டெல். கிழக்குச் சுவரை அந்தாண்ட தள்ளிக் கட்டு. இந்த வளை உள்ள இருக்கட்டும்."

"இன்னொரு வாணம் தோண்டணும்."

"தோண்டு."

அவன் டார்ச்சை அவளிடம் கொடுத்துவிட்டு, ஒரு பிளைவுட் பலகையைக் கொண்டுவந்து அவள் தலைக்கு மேல் மண் சரியாமல் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டான்.

உள்ளே ஓடு சுவரில் உரசும் சத்தம். நிறுத்தும், மறுபடி உரசும். வளையின் கடைசியில் அகலமாக ஒரு இடம் இருக்க வேண்டும், அங்கே போய்த் திரும்புகிறது. கொலீன் டார்ச்சை அசைக்காமல் பிடித்திருந்தாள். முதலில் முன்னங்கால்களின் செதில் வந்தது. பிறகு சுண்ணாம்புத் தூள் அப்பிய தலை, இரண்டு கண்ணும் மூடி. அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது.

ஒரு கண் திறந்தது. மூடியது.

"வந்துட்டானா?" என்று மேலிருந்து யோலாண்டா கேட்டாள்.

கொலீனுக்கு ஒரு தடவை போதாது. அந்தக் கண் மறுபடி திறப்பதற்காக அவள் அப்படியே படுத்திருந்தாள்.