உறுமுகிறது, சுழலவில்லை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். என் மின்விசிறி நின்றுபோனதால் வந்த கதை இது. அதைத் தூக்கிக்கொண்டு மோட்டார் கடைக்குப் போனேன். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்து, "கத்திரிக்கோல் அவங்க பக்கம் இருக்கான்னு கேளுங்க சார்" என்றார். கை நீட்டினால் எட்டும் தூரம்தான். அந்த அம்மா கத்திரிக்கோலை என்னிடம் தர, நான் வாங்கி அவரிடம் கொடுத்தேன். பார்த்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

"செம்பின் மணமும் மௌனமும் கலந்த அந்தக் கடையில்—" சே, வேண்டாம்.

அவள் கிளம்பப்போகிறாள். (இது பரவாயில்லை.) விசிறி ஆலையில் அவளுக்கு வேலை தருவதாகப் போன் வந்தது. எடுத்தவர் புருஷன். "அவ வரமாட்டா" என்று சொல்லி வைத்துவிட்டார். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரொட்டிக்கடைக்காரர் ரிப்பேருக்குக் கொடுத்த இந்த மோட்டார் ஓடட்டும். அப்புறம் அக்கா வீட்டுக்குப் போயிடறேன். அங்கேருந்தே ஆலைக்குப் போய்க்கறேன்."

அதுதான் கடைசிப் பேச்சு. பை வாசல் பக்கம் தயாராக இருக்கிறது.

3

இங்கே கொஞ்சம் மோட்டார் தெரியவேண்டும். எனக்கே அரைகுறைதான். கம்பியை வளையமாகச் சுற்றி (அதுதான் காயில்) மின்சாரம் விட்டால் காந்தமாகிறது. சுற்றும் திசை மாறினால் காந்தத்தின் முனையும் மாறும். எதிரெதிரே உள்ள இரண்டு காயில்களில் ஒன்று வடக்கு என்றால் மற்றது தெற்காக இருக்கவேண்டும். இரண்டும் ஒரே முனையாகிவிட்டால் மல்லுக்கு நிற்கும். மோட்டார் உறுமும், சூடாகும், சுழலாது.*

ஆளுக்கொரு காயில் சுற்றுவார்கள். அவர் இடதுகைக்காரர். அவர் பாட்டுக்குச் சுற்றினால் திசை தப்பிவிடும். அதனால் காயில் தொடங்கும்போதெல்லாம் அவள் "மாத்துங்க" என்பாள். அவர் கையைத் திருப்பிக்கொள்வார். கல்யாணமானதிலிருந்து அப்படித்தான். இந்த மோட்டாருக்கு அவள் வாயைத் திறக்கவில்லை.

* எது எந்தத் திசை என்று படம் போட்டுப் பார்த்தேன். தலை கிறுகிறுத்ததுதான் மிச்சம்.

4

சுவிட்சைப் போட்டார்கள். உறுமியது.

"என்னங்க இது? அங்க மாவு புளிச்சுக்கிட்டிருக்கு" என்று ரொட்டிக்கடைக்காரர் புலம்பினார்.

காது பழகிய இருவருக்கும் தப்பு புரிந்துவிட்டது. பிரிக்கவேண்டியதில்லை. ஏதாவது ஒரு காயிலின் இரண்டு கம்பி முனைகளை இடம் மாற்றி இணைத்தால் போதும். ஆனால் மாற்றுகிறவர் தப்பை ஏற்றுக்கொண்டதாக ஆகும்.

அவள் டீ போட உள்ளே போனாள். அந்த நேரத்தில் அவர் தன் காயிலின் முனைகளை மாற்றி, இணைப்பின் மேல் உறையைப் போர்த்திவிட்டார். அவள் பார்க்கவில்லை, நீங்கள் பார்த்தீர்கள். பிறகு அவர் ரொட்டிக்கடைக்காரரைச் சமாதானப்படுத்த வெளியே போனபோது, அவளும் தன் காயிலின் முனைகளை மாற்றினாள்.

ஏன்? ஓடினால் கிளம்பலாம் என்றா? இல்லை, போகிற நேரத்தில் விட்டுக்கொடுப்போம் என்றா? எழுதி எழுதி அடித்தேன். அவளைப் படைத்தவன் நான்தான், ஆனாலும் பிடிபடவில்லை. அவள் முனைகளை முறுக்கினாள், அது மட்டும் உறுதி.

5

மறுபடி சுவிட்ச். மறுபடி உறுமல். இருவரும் மாற்றினால் பழையபடிதானே? இருவரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்கள்.

முடிவு ஒன்று: "நீங்களும் மாத்தினீங்களா?" என்று அவள் கேட்கிறாள். ஒருவர் மட்டும் திருப்பி மாற்ற, மோட்டார் ஓடிவிடும். ஓடினால் சொன்னபடி அவள் கிளம்பவேண்டும்.

முடிவு இரண்டு: யாரும் பேசவில்லை. அவள் இருப்பாள், இந்த மோட்டாரைப் போல.

மூன்றாவதில் அவர் என் பக்கம் திரும்பி, "சார், அவங்ககிட்ட கேளுங்க..." என்று தொடங்கி நிறுத்திக்கொள்கிறார். பிறகு அவளிடம்:

"நீ போகணுமா? உன்னைத்தான் கேக்கறேன்."

அவள் வாய் திறக்கிறாள். நான் ஒரு பதில் எழுதிப் பார்த்தேன், கிழித்துவிட்டேன். அவளைக் கேட்காமல் அவளுக்காகப் பேச ஏற்கெனவே ஒருவர் இருந்தார், இன்னொருவர் எதற்கு?

வாசகரே, நீங்கள்தான் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். கொஞ்சம் அணைத்துவிடுங்கள். இந்த உறுமலில் அவள் சொல்வது எனக்குக் கேட்கவில்லை.